மெக்சிகோ புரட்சிக்குப் பின் கலைக் கல்வியில் அச்சோவியத்துக்கு (செதுக்கிய பரப்பில் மை பூசித் தாளில் பதிக்கும் படத்துக்கு) ஏன் அத்தனை இடம்? தரையில் விரிக்கும் லினோலியத் தகட்டைச் செதுக்குவதற்கு ஏன் பிடித்துக்கொண்டார்கள்?

மெக்சிகோ ஓவியர் ரிவேராவின் சுவரோவியங்களைப் பார்க்க அவை இருக்கும் கட்டடத்துக்கே போகவேண்டும். 1921-இல் பொதுக் கல்வி அமைச்சகம் உருவாகி வாஸ்கோன்செலோஸ் அமைச்சரானபோது, கிராமங்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் படம் வேண்டியிருந்தது. அதற்கு முன்மாதிரியும் உள்ளூரிலேயே இருந்தது: 1913-இல் இறந்த அச்சோவியர் போசாதா, தெருவில் விற்ற மலிவுத் தாள்களுக்காக உலோகத் தகடுகளில் செதுக்கிய எலும்புக்கூட்டுப் படங்கள்.

பள்ளிகளில் இரண்டு வழிகள் முயன்றார்கள். ஓவியர் பெஸ்ட் மௌகார்டின் முறை, பழங்குடிக் கலையிலிருந்து எடுத்த ஏழு வடிவங்களை (சுருள், வட்டம், அரைவட்டம், எஸ் வடிவம், அலைக்கோடு, கோணல்மாணலாக முறியும் (ஜிக்ஜாக்) கோடு, நேர்கோடு) வைத்து வரையக் கற்றுத்தந்தது. பெரிய வகுப்புக்கு எளிது. ஆனால் பிள்ளைகள் கண்ணெதிரே இருப்பதை விட்டு அலங்காரத்திலேயே நின்றுவிடும் ஆபத்து உண்டு. வெளியில் உட்கார்ந்து வரையக் கற்பித்த திறந்தவெளி ஓவியப் பள்ளிகள் நேரெதிர்: பார்த்ததை வரை என்றன. அவற்றில் மெக்சிகோ நகரின் த்லால்பான் பகுதிப் பள்ளியில் ஓவியர் தியாஸ் தெ லியோன் மரச்செதுக்கையும் கற்பித்தார். என் பார்வையில் இதுவே சிறந்த பாடம். உளி போட்ட இடத்தை அழிக்க முடியாது. எது கறுப்பு, எது வெள்ளை என்று பிள்ளை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

1937-இல் அச்சோவியர் லெயோபோல்தோ மெந்தெஸும் தோழர்களும் தொடங்கிய மக்கள் அச்சுக்கலைப் பட்டறை மக்கள் கைக்கு அச்சுப் படம் கொண்டுசேர்ப்பதைப் பெரிய அளவில் செய்தது. 1947-இல் வெளியிட்ட 85 படத் தொகுப்பு, புரட்சியின் வரலாற்றையே படமாக்கியது. பட்டறையில் லினோலியம் முதன்மையானதற்குக் காரணம் எளியது: மலிவு, மரத்தைப் போல நார் ஓட்டம் இல்லாததால் உளி எத்திசையிலும் ஓடும். மரக்கட்டையில் ஒட்டி அச்சகத்தின் உலோக அச்செழுத்தின் உயரத்துக்கு, அதாவது சுமார் 23.3 மில்லிமீட்டருக்கு, கொண்டுவந்தால் படமும் எழுத்தும் ஒரே ஓட்டத்தில் அச்சாகும். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் படம் வெளிறும். அடியில் தாள் வைத்து உயர்த்த வேண்டும்.

உங்கள் வகுப்பில் லினோலியத்தில் (சுருக்கமாக லினோ) அச்செடுக்க இயந்திரம் தேவையில்லை. 3 மில்லிமீட்டர் லினோ போதும். இறுகியிருந்தால் சிறிது நேரம் வெயிலில் வையுங்கள். எழுத்து இருந்தால் மெல்லிய தாளில் எழுதித் திருப்பிப் போட்டு நகலெடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிப் படியும். கோட்டின் இருபுறமும் வெட்டு வெளிப்பக்கம் சரிந்து இறங்கும்படி வெட்டுங்கள். உள்பக்கம் சரிந்தால் கோட்டின் அடி மெலிந்து, மை பூசும் உருளை அழுத்தும்போது பிய்ந்துவிடும். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.

பெரும்பாலும் கெடுவது மையில்தான். கண்ணாடிமேல் மையை உருளையால் உருட்டும்போது மெல்லிய சரசரப்பு கேட்கவேண்டும். சளசளவென்று ஒட்டினால் மை அதிகம், நுண்கோடுகள் அடைந்துபோகும். மை பூசிய லினோவின் மேல் மெல்லிய தாளைப் பரப்பி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் தெரிந்தால் தாளை அசைக்காமல் மறுபடி தேய்க்கலாம்.