அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சி (1829-1837): கேள்வி பதில்

கே: "தீர்ப்புச் சொன்ன மார்ஷலே அதை அமல்படுத்தட்டும்" என்று ஜாக்சன் சொன்னாராமே?

ப: ஆதாரம் இல்லை. மார்ஷல் என்பவர் அப்போதைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். ஜாக்சன் இறந்தது 1845இல். இந்த வசனம் அச்சில் வந்தது 1864இல். நடந்ததைச் சொல்கிறேன். அனுமதி வாங்காமல் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் தங்கினார் என்று சாமுவேல் உர்ஸ்டர் என்ற பாதிரியாரை ஜார்ஜியா மாநிலம் சிறையில் அடைத்தது. அங்கே ஜார்ஜியா சட்டம் செல்லாது என்று 1832இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலம் மசியவில்லை, ஜாக்சனும் அதை நெருக்கவில்லை. பாதிரியார் 1833 ஜனவரியில்தான், அதுவும் ஆளுநர் மன்னிப்பில், வெளியே வந்தார். ஜாக்சனைக் குறைசொல்ல இதுவே போதும். மேற்கோளைப் பார்த்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

கே: அரசுக் கடனை முழுதாக அடைத்தவர் இவர்தானா?

ப: ஆம், 1835 ஜனவரியில். சுங்க வரியும் அரசு நில விற்பனையும் கைகொடுத்தன. 1837 நிதி நெருக்கடிக்குப் பிறகு மறுபடியும் கடன்.

கே: 20 டாலர் நோட்டில் அவர் படம் ஏன்?

ப: 1928 முதல் இருக்கிறது. காரணத்தை நோட்டு சேகரிப்பவர்களிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

கே: செரோக்கிகளை மேற்கே விரட்டிய கண்ணீர்ப் பாதைப் பயணம் 1838இல். அப்போது அதிபர் வான் பியூரன். பழி மட்டும் ஜாக்சனுக்கா?

ப: பூர்வகுடிகளை மேற்கே அனுப்பும் வெளியேற்றச் சட்டத்தில் 1830இல் கையெழுத்திட்டவர் ஜாக்சன். பிரதிநிதிகள் சபையில் அது 102-97 என்றுதான் தேறியது. அவருடைய டென்னசியைச் சேர்ந்த டேவி கிராக்கெட்டே எதிர்த்து வாக்களித்தார். சாக்டா என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் 1831 முதலே, ஜாக்சன் ஆட்சியிலேயே, கிளப்பப்பட்டார்கள். செரோக்கிகளின் தலைவர் ஜான் ராஸ் ஏற்காத, நிலத்தை விட்டுப் போகும் ஒப்பந்தத்தில் 1835இல் ஒரு சிறு குழு கையெழுத்துப் போட்டது. 1836இல் செனட்டில் அது ஒரே ஒரு வாக்கில் தப்பியது. கிளம்பக் கொடுத்த இரண்டு வருடக் கெடு 1838இல் முடிந்தது, ராணுவம் வந்தது. சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு.

கே: (அதே அன்பர்) அவர்களைக் காப்பாற்றத்தானே அனுப்பினார்?

ப: காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் அவர் சொன்ன காரணங்களில் அதுவும் உண்டு. ஆனால் யாரிடமிருந்து காப்பாற்ற? செரோக்கிகளுக்குச் சொந்த எழுத்து இருந்தது, 1827இல் அரசியல் சட்டம், 1828இல் பத்திரிகை. ஜார்ஜியாவோ அவர்கள் நிலத்தைக் குலுக்கல் சீட்டுப் போட்டுக் கொடுத்தது. 1835இல் ஜான் ராஸ் வாஷிங்டனிலிருந்து வீடு திரும்பினால், சீட்டு விழுந்தவர் அங்கே குடியிருக்கிறார். தடுக்க வேண்டிய அதிபர் தடுக்கவில்லை. இதைக் காப்பாற்றியது என்று எழுத எனக்குக் கை வராது.

கே: சார், மார்ஷல் பற்றிய அந்த வசனத்தை எந்தக் கூட்டத்தில் பேசினார்?

ப: எந்தக் கூட்டத்திலும் பேசியதாக ஆதாரம் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள், தேதியைப் பாருங்கள்.

கே: அவரைச் சுட முயன்றார்களா?

ப: 1835 ஜனவரி 30, நாடாளுமன்றக் கட்டடத்தில். ரிச்சர்ட் லாரன்ஸ் என்பவர் நீட்டிய இரண்டு கைத்துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஜாக்சன் கைத்தடியை ஓங்கிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தார். மனநலம் சரியில்லாதவர் என்று சொல்லி நீதிமன்றம் லாரன்ஸைத் தண்டிக்கவில்லை.