முகத்தின் நடுப்பகுதி அடிக்கடி சிவந்து, சூடேறி எரியும் தோல் நோயான ரோசேசியா என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். சமையல், வெயில், வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் இதைத் தினமும் எப்படிச் சமாளிப்பது? முழுதாகக் குணமாகுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேரோடு போகாது. ஆனால் அடக்கி வைக்கலாம். சரியாகப் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் முகத்தில் ஒன்றுமே தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருப்பீர்கள், தினமும் அடுப்படியில் நிற்பவர், வெயிலில் வண்டியில் போய் வருபவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த எதையும் நான் மாற்றச் சொல்லவில்லை. சீட்டில் இருக்கும் க்ரீமை எப்படிப் போடுவது, மற்ற நேரத்தில் முகத்தை என்ன செய்வது என்று உட்கார்ந்து விளக்க அங்கே பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பதில்.

"கறுப்புத் தோலுக்கு ரோசேசியாவெல்லாம் வராது, அது வெள்ளைக்காரர்கள் நோய்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். தவறு. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அவ்வளவுதான். கன்னமும் மூக்கும் கருஞ்சிவப்பாக, பழுப்பாக, சில சமயம் வெறும் கருமையாகத் தெரியும். அதனால் நிறத்தை நம்பாதீர்கள், உணர்வை நம்புங்கள். நடு முகத்தில் திடீரென்று சூடு ஏறுகிறதா, எரிகிறதா, சாதாரண க்ரீம் கூடச் சுரீர் என்கிறதா என்று பாருங்கள். பருவா, இதுவா என்று குழம்பினால் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கிறதா என்று கவனியுங்கள். பருவில் அவை இருக்கும். ரோசேசியாவில் கொப்புளம் வரும், கரும்புள்ளி வராது. மூக்கோரத்திலும் புருவத்திலும் செதிள் உதிர்ந்தால் அது பொடுகு சார்ந்த வேறு அழற்சியாக இருக்கலாம். கன்னத்துச் சிவப்போடு மூட்டு வலியும் வாய்ப்புண்ணும் இருந்தால் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு வேதனையான பேச்சும் உண்டு. மூக்கு தடித்துச் சிவந்த ஆண்களைப் பார்த்தால் "குடிகாரன் மூக்கு" என்கிறார்கள். ஒரு சொட்டு மது தொடாதவருக்கும் ரோசேசியாவில் மூக்கு அப்படி ஆகும். ஏற்கெனவே இருக்கும் நோயை மது தூண்டும். அது இல்லாமலும் நோய் வரும். பெண் பார்க்கப் போன இடத்தில் கூட இந்தப் பேச்சு குறுக்கே நிற்கிறது என்றால் எவ்வளவு அநியாயம்!

அடுத்து, எதையும் தொடங்கும் முன் வீட்டு அலமாரியில் இருக்கும் ட்யூப்களை எடுத்து, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா? இவை ஸ்டீராய்டுகள், அதாவது அழற்சியைச் சட்டென்று அடக்கும் மருந்துகள். "முகம் பளிச்சென்று ஆகும்" என்று கைமாறும் க்ரீம் பலவற்றில் ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% மூன்றும் சேர்ந்திருக்கும். படர்தாமரைக்கு வாங்கிய களிம்பிலும் பல சமயம் குளோபெட்டசால் கலந்திருக்கும். போட்ட இரண்டு மூன்று நாளில் முகம் தெளிந்தது போல இருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்து, அந்தக் களிம்பே ரோசேசியாவை உண்டாக்கிவிடும். நிறுத்தினால் சில நாளிலேயே முன்பைவிட மோசமாக எரிந்து வீங்கும். பயந்துபோய் மறுபடி போடுவார்கள். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல், எந்தக் களிம்பு, எத்தனை நாளாக என்று மருத்துவரிடம் ட்யூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள். படிப்படியாகக் குறைக்கவோ, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புக்கு மாற்றவோ அவர் வழி சொல்வார். தோல் பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

கேட்டதைவிட்டு விலகுகிறேன், மன்னிக்கவும், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. 2018-லேயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. இன்றைக்கும் "முகத்துக்கு ஒரு க்ரீம் கொடுங்க" என்றால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. கல்லூரிப் பெண்கள் கல்யாணத்துக்கு முன் நிறம் கூட வேண்டும் என்று வாங்கிப் போடுகிறார்கள். வெளுப்புதான் அழகு என்று பெண்பிள்ளைகள் தலையில் ஏற்றிய நம் எல்லாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மூரில் ரோசேசியாவைத் தூண்டுவதில் வெயிலுக்கு அடுத்தது அடுப்படி. காரணம் இருக்கிறது. தோலின் நரம்பு முனையில் சூட்டை உணரும் ஒரு உணர்வி உண்டு, டிஆர்பிவி1 என்பார்கள். மிளகாயில் இருக்கும் காப்சைசினும் அதே உணர்வியைத்தான் தட்டி எழுப்புகிறது. ரோசேசியா தோலில் அது கொஞ்சம் தட்டினாலே விழித்துக்கொள்ளும். வற்றல் மிளகாய் வறுக்கும்போது அனலும் காரமும் ஒரே நேரத்தில் முகத்தில் அடிப்பதால்தான் அவ்வளவு எரிகிறது.

இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் அந்தப் பக்கத்து விளிம்பை முதலில் தூக்குங்கள். ஆவி சுவர்ப் பக்கம் போகும். நம் பக்க விளிம்பைத் தூக்கினால் மொத்தமும் கன்னத்தில். கஞ்சி வடிக்கும்போது குனிந்து பானைக்குள் பார்க்காதீர்கள். முடிந்தால் குக்கருக்கு மாறுங்கள், அதையும் ஆவி முழுதும் அடங்கிய பிறகே திறங்கள். தாளிக்கும்போது ஒரு கை தூரம் தள்ளி நின்று, மிளகாயைப் போட்டதும் மூடியை வைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்ற வைக்கும் முன்பே போட்டு, அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மேலே சுற்றும் ஃபேன் கேஸ் தீயை அலைக்கும் என்பதால், ஒரு சின்ன மேசை ஃபேனை உங்களுக்குப் பின்னால், பிடரியில் காற்று படும்படி வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் சுற்றிப் பரவும் அனல் குறைவு; தோசை, சப்பாத்தி போல நீண்ட நேரம் நிற்கும் வேலையை அதற்கு மாற்றுவது நல்ல பலன் தரும். காய் நறுக்குவது, உரிப்பதை எல்லாம் அடுப்புக்கு அருகில் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்யுங்கள். நீங்கள் மட்டும்தான் சமைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மிளகாய் வறுக்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

பச்சை மிளகாய் நறுக்கிய விரலால் முகத்தைத் தொட்டுவிட்டு "க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைப்பவர்கள் உண்டு. காப்சைசின் வெறும் தண்ணீரில் போகாது, எண்ணெயில் கரையும். முதலில் கையில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். க்ரீம் போடும் முன்பு இது முக்கியம்.

சூடு ஏறிவிட்டால் ஐஸை முகத்தில் தேய்க்காதீர்கள். துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் பிடரியிலும் போட்டு, ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும்.

முகம் கழுவக் காலையும் இரவும் போதும். சாதாரணக் குளியல் சோப்பின் காரத்தன்மை பிஎச் 9, 10 வரை இருக்கும். தோலுக்கு ஐந்தரை வாக்கில் இருந்தால் போதும். மணம் சேர்க்காத, நுரை குறைந்த மென்மையான க்ளென்சரை விரல் நுனியால் தடவி, வெந்நீரும் இல்லாத ஐஸ் தண்ணீரும் இல்லாத தண்ணீரில் கழுவுங்கள். பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஈரத்தோடு மருந்து போட்டால் எரிச்சல் கூடும்.

சீட்டில் இருப்பது ஐவர்மெக்டின் 1% க்ரீம் என்றால் இரவில் ஒரு முறை. நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என்று ஐந்து இடத்துக்கும் ஒவ்வொரு பட்டாணி அளவு. கொப்புளத்தின் மேல் மட்டும் புள்ளி வைத்தால் பலன் இல்லை, முழுப் பகுதிக்கும் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். மெட்ரோனிடசோல் 0.75% ஜெல்லும் அசிலாயிக் அமிலம் 15% ஜெல்லும் வழக்கமாகக் காலை, இரவு இரண்டு வேளை. அசிலாயிக் அமிலம் முதல் சில வாரம் குத்தும், அரிக்கும். அப்போது முதலில் மாய்ஸ்சரைசர், மேலே மருந்து என்று வரிசையை மாற்றினால் தாங்கிக்கொள்ளலாம். பலரும் விட்டுவிடுவது மூன்றாவது வாரத்தில்தான். இந்த மருந்துகளின் முழுப் பலனைப் பார்க்க 8 முதல் 12 வாரம் ஆகும். இடையில் க்ரீமை மாற்றிக்கொண்டே இருந்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒன்று மட்டும்: நூல் போலத் தெரியும் ரத்தக் குழாய்கள் எந்தக் க்ரீமுக்கும் போகாது, அதற்கு லேசர்தான். மாநிறத் தோலில் தவறான கருவி கருந்தழும்பு விடும்; நீளமான 1064 நானோமீட்டர் அலை கொண்ட என்டி யாக் என்ற லேசர் பாதுகாப்பானது என்பதால், செய்பவரிடம் எந்தக் கருவி என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காதீர்கள்; தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பமாக இருந்தால், அல்லது அதற்கான எண்ணம் இருந்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதும் இந்த மாத்திரையின் குணம்.

ஆகவே சன்ஸ்கிரீன் கட்டாயம். ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு உள்ளது, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாதது. ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதுமான அளவு. வெள்ளை பூசியது போலத் தெரிகிறது என்றால் இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் வருவதை வாங்குங்கள், சிவப்பையும் மறைக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. வண்டியில் போகும்போது துப்பட்டாவை முகத்தில் இறுக்கிக் கட்டினால் வியர்வையும் உரசலும் சேர்ந்து எரியும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், உள்பஞ்சை அடிக்கடி துவையுங்கள். போய்ச் சேர்ந்ததும் நேராக ஏசி காற்றுக்கு முன்னால் போய் நிற்காமல், நிழலில் கொஞ்ச நேரம் நின்று ஆறிவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டில் பத்தியம் பிடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காபி, டீயில் பலருக்குப் பிரச்சினை சூடுதான். ஆற்றிக் குடித்தாலே சரியாகிவிடும், ரசத்துக்கும் அதே. காரம், தக்காளி, புளிப்புப் பழங்கள் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். ஒரு நோட்டில் மூன்று நான்கு வாரம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எங்கே இருந்தேன், எப்போது சூடு ஏறியது. ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். நியாசின் (வைட்டமின் பி3) மாத்திரையும், அம்லோடிபின் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகளும் முகத்தைச் சிவக்க வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடம் மாற்று கேளுங்கள்.

எலுமிச்சை, தக்காளிச் சாறு, பயத்தமாவுத் தேய்ப்பு, முல்தானி மட்டி, ஆவி பிடித்தல், கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலம் எல்லாம் இந்த முகத்துக்கு ஆகாது. பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று கோபப்படாதீர்கள். நல்ல தோலுக்கு அவை ஒத்துப்போகலாம், பாதுகாப்புப் படலம் உடைந்த தோலுக்கு ஒத்துப்போகாது. சளி பிடித்தால் ஆவிக்குப் பதில் மூக்குக்கு உப்பு நீர்ச் சொட்டு போடுங்கள். பார்லரில் ப்ளீச், ஸ்டீம், மசாஜ் மூன்றுக்கும் மறுத்துவிடுங்கள். புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே கன்னத்துக்குக் கொண்டுபோங்கள்.

கண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மணல் விழுந்தது போல் உறுத்தல், இமையோரம் சிவப்பு, அடிக்கடி கண்கட்டி வருவது எல்லாம் ரோசேசியாவாக இருக்கலாம். முகத்தில் ஒன்றும் இல்லாமல் கண்ணில் மட்டும் தொடங்குவதும் உண்டு. வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமை மேல் மட்டும், கன்னத்தில் படாமல், ஐந்து நிமிடம் வைத்து, பிறகு இமையோரத்தை ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிடுங்கள். தினமும் செய்ய வேண்டும். வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல் இந்த மூன்றில் எது வந்தாலும் கருவிழி பாதிக்கப்பட்டிருக்கலாம். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்; ரோசேசியா இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.