ஆறு பேர் ஏறினால் திணறும் படகு

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். நானும் மச்சானும் சேர்ந்து பழைய ஸ்போர்ட் போட் ஒன்றை வாங்கி, கொச்சிக் காயலில் விட்டிருக்கிறோம். 19 அடி நீளம், 150 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் என்ஜின்). இரண்டு பேர் போனால் முழு வேகத்தில் 5300 ஆர்.பி.எம். வருகிறது. குடும்பத்தோடு ஆறு பேர் ஏறினால் 4800-ஐத் தாண்டுவதில்லை; போன் ஜி.பி.எஸ். 67 கிலோமீட்டர் காட்டுகிறது. கிளம்பும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் திணறுகிறது. புரொப்பெல்லரில் 14½ × 21 என்று அடித்திருக்கிறது. விற்றவர், ‘23 போடுங்க, பறக்கும்’ என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இப்போது திணறுகிற படகு அப்புறம் உட்கார்ந்தே போகும்.

முதல் எண் டயா, அதாவது புரொப்பெல்லரின் விட்டம்; இரண்டாவது பிட்ச். மரத்தில் ஸ்குரூ இறங்குவதுபோல, புரொப்பெல்லர் தண்ணீரில் ஒரு சுற்றுக்கு 21 அங்குலம் முன்னேற வேண்டும் என்று பொருள். பிட்ச் கூடினால் வேகமும் கூடும் என்று விற்றவர் நினைக்கிறார். அது என்ஜினுக்குத் தெம்பு மிச்சம் இருந்தால்தான். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவையும் டாப் கியரில் ஏற நினைத்தால் பைக் என்ன செய்யும்? உங்கள் என்ஜினும் அதைத்தான் செய்கிறது.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய கையேட்டுப் பக்கத்தில் முழு வேக எல்லை 5000 முதல் 5800 என்றும், கியர் விகிதம் 1.92 என்றும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4800-ஐ 1.92-ஆல் வகுத்தால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2500 சுற்று. ஒரு சுற்றுக்கு 21 அங்குலம், அதாவது 53 சென்டிமீட்டர் சொச்சம். மணிக்கு 80 கிலோமீட்டர் போயிருக்க வேண்டும். போவது 67. இந்த 16 சதவீத இழப்பைத்தான் ஸ்லிப் என்பார்கள். ஆறு பேர் பாரத்துக்கு இது பெரிய குற்றமில்லை. புரொப்பெல்லர் தண்ணீரை ஒழுங்காகத்தான் பிடிக்கிறது. அதைச் சுழற்றத்தான் என்ஜினுக்கு முடியவில்லை. 5000-க்குக் கீழேயே முழு திராட்டிலில் ஓட்டினால் கரி அடையும், பிஸ்டனும் பேரிங்கும் அடி வாங்கும்.

பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். 19 போட்டால் ஆறு பேரோடு 5150 பக்கம், இரண்டு பேரோடு 5650 பக்கம் வரும். இரண்டும் எல்லைக்குள். 17 போட்டால் ஆறு பேருக்கு அருமையாக இழுக்கும். ஆனால் நீங்களும் மச்சானும் மட்டும் போகும் நாளில் 5800-ஐத் தாண்டப் பார்க்கும், என்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் லிமிட்டர் வெட்டும். ஆகவே உங்களுக்கு 19. ஸ்கீயிங் இழுப்பது, சீக்கிரம் எழும்புவதுதான் முக்கியம் என்றால் நாலு இலை (பிளேடு) உள்ள புரொப்பெல்லர் பார்க்கலாம். அதற்குப் பிட்ச் 18. இலை கூடினால் பிடி கூடும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும். டயாவை நீங்கள் தொட வேண்டாம், பிட்ச்சுக்கு ஏற்றபடி கம்பெனிக்காரனே வைத்திருப்பான்.

ஸ்டெயின்லெஸ்ஸா அலுமினியமா? ஸ்டெயின்லெஸ் இலை மெலிசாக இருந்தாலும் வேகத்தில் வளையாது, அதனால் அதுதான் மேல். விலை பல மடங்கு. காயலில் மரக்கட்டையும் வலைக்குச்சியும் கிடக்கிற இடத்தில் ஓட்டுபவர்களுக்கு, முதல் வருஷம் அலுமினியமே போதும் என்பேன். கையில் வாங்குமுன் யாரிடமாவது 19 ஒன்றை இரவல் வாங்கி, உங்கள் ஆறு பேரையும் உட்காரவைத்து, டேங்க்கை நிரப்பி ஓட்டிப் பாருங்கள். படகின் அடியில் பாசி படிந்திருந்தால் முதலில் சுரண்டுங்கள். பாசியோடு எடுத்த கணக்கு பிறகு உதவாது.

கப்பல் புரொப்பெல்லர் வளர்ந்த கதையிலும், பெருசு போட்டால்தான் பறக்கும் என்பதைப் பொய்யாக்கிய சம்பவம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்று ஒரு விவசாயி. 1837-இல் கால்வாயில் மரத் திருகு பூட்டிய படகை ஓட்டும்போது, எதிலோ மோதித் திருகில் பாதி உடைந்துபோனது. படகு வேகம் கூடிவிட்டது!

கேள்வி: பம்ப்பில் வருகிற கேவிடேஷன் படகிலும் வருமா? திரும்பும்போது என்ஜின் திடீரென்று கத்துகிறதே, அது அதுதானா? (பாலிடெக்னிக் மாணவர், பொள்ளாச்சி)

பதில்: வரும், ஆனால் நீங்கள் சொல்வது அது இல்லை. சக்ஷன் உயரம் கூடிய பம்ப்பைப் பிரித்தால் உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்குமே, அது கேவிடேஷன்: அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீரே ஆவியாகிக் குமிழி விட்டு, உலோகத்தின்மேல் உடைவது. திரும்பும்போது என்ஜின் கத்துவது, மேற்பரப்பிலிருந்து காற்று புரொப்பெல்லருக்குள் புகுவதால். வென்டிலேஷன் என்பார்கள். என்ஜினை உயரமாக மாட்டியிருக்கலாம், அல்லது வளைவில் டிரிம்மை (என்ஜினின் சாய்வை) இறக்காமல் விட்டிருக்கலாம். நேராகப் போகும்போதும் கத்தி, படகு மட்டும் நகராவிட்டால் புரொப்பெல்லரின் நடுக்குடமான ஹப்பில் இருக்கும் ரப்பர் புஷ் நழுவுகிறது. உள் ஹப்பிலிருந்து வெளி ஹப்புக்கு மார்க்கரால் நேர்கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு பிசகியிருந்தால் புஷ் போயிற்று.

கேள்வி: மோதி உடைந்த புரொப்பெல்லரைக் கோவை ஃபவுண்டரியில் வார்த்துக்கொள்ளலாமா? (ஈரோடு)

பதில்: 1994-இல் நானே செய்தேன். சொந்தக்காரர் ஒருவர் பாறையில் மோதிய அலுமினிய புரொப்பெல்லரோடு பட்டறைக்கு வந்து, ‘ஏனுங்க, இம்பெல்லர் வார்க்கிற கைக்கு இதென்ன பெருசு’ என்றார். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கியிருந்த வயசு. வளைந்த இலையைக் கண்மதிப்பில் தட்டி நிமிர்த்தி, உடைந்த முனையைப் புட்டி வைத்து ரொப்பி, அதையே பேட்டர்னாக மணலில் வைத்து வார்த்துவிட்டேன். அலுமினியம் ஆறும்போது சுருங்கும் என்பது தெரிந்தும், பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாக வைக்கிற அலவன்ஸைக் கொடுக்க வழியில்லை. டயாவில் நாலு மில்லிமீட்டருக்கு மேல் போயிற்று. அது கூடப் பரவாயில்லை. பூட்டி ஓட்டினால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை, பல்லெல்லாம் ஆடியது.

அப்புறம்தான் சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளத் தட்டில்) குப்புற வைத்து ஹைட் கேஜால் அளந்தேன். ஒரே வட்டத்தில் 30 டிகிரி தள்ளி இரண்டு இடத்தில் உயரம் எடுத்து, வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் பிட்ச். ஒரு இலை 17, ஒன்று 18½, நான் நிமிர்த்தியது 20. மூன்று பேர் மூன்று வேகத்தில் தள்ளினால் வண்டி என்ன ஆகும்!

ஆகவே வார்க்க வேண்டாம். முனை மட்டும் சின்னதாகச் சிதைந்திருந்தால், பிட்ச் அளந்து பேலன்ஸ் பார்த்துத் தருகிற ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். ஒரு இலை வேரோடு போயிருந்தால் புதிது வாங்குங்கள். நான் வார்த்தது இன்னும் வீட்டில் இருக்கிறது, காற்றடிக்கும் நாளில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறோம்.