தங்க நானோ துகள்களால் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தங்கத் துகள்களால்) ரத்தத்தில் இருக்கும் பொருள்களை அளக்க முடியும் என்றால், ஏன் எல்லாச் சோதனைகளுக்கும் அது வரவில்லை?

ஓரளவு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தத்தில் மலேரியாவைக் கண்டுபிடிக்கும் அட்டையில் தெரியும் செங்கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். ஆனால் அந்தக் கோடு 'இருக்கிறது, இல்லை' என்று மட்டும் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. சில வருடங்கள் ஆய்வுக்கூடத்தில் இதோடு மல்லுக்கட்டியவன் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நிறம். தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து சிட்ரேட் சேர்த்தால், வெளிர் மஞ்சள் போய், கருத்து, பிறகு மாணிக்கச் சிவப்பாகும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. 15 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுள்ள துகளில் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடுகின்றன. சுமார் 520 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சை ஒளியில், அந்த ஊசல் உச்சத்துக்குப் போகும். பச்சை விழுங்கப்படுவதால் நமக்குச் சிவப்பு தெரிகிறது. துகளின் மேல் ஏதாவது ஒட்டினால் உச்சம் சில நானோமீட்டர் நகரும். இதைப் பார்க்க, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூட்டமானால் வெறும் கண்ணுக்கே நீலமாகத் தெரியும்.

சரி, இதை ரத்தத்தில் போட்டால்?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். தேடும் புரதம் வந்தால் துகள்கள் கூடி நீலமாக வேண்டும் என்று அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைத் துகள்களில் ஒட்டித் தயார் செய்தோம். பஃபர் கரைசலில், அதாவது அமிலத்தன்மை மாறாத சுத்தமான கரைசலில், அழகாக வேலை செய்தது. சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த திரவத்தில்) விட்டேன், சிவப்பு அப்படியே இருந்தது. புரதத்தைப் பத்து மடங்கு கூட்டினேன், அப்போதும் சிவப்புதான். வாரக்கணக்கில் குழம்பிய பிறகே புரிந்தது: ரத்தத் திரவத்தில் மிக அதிகமாக இருக்கும் புரதமான ஆல்புமினும் மற்றப் புரதங்களும் துகள்களைப் போர்த்தி, ஒன்றையொன்று நெருங்க விடாமல் செய்துவிட்டன. இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. சிட்ரேட் மட்டும் பூசிய துகள், ரத்தத்தில் இருக்கும் அளவு உப்பைப் பார்த்தாலே போதும், தேடும் பொருள் துளியும் இல்லாமல் நீலமாகிவிடும்.

அளவு வித்தியாசத்தையும் யோசித்துப் பாருங்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் டி என்ற புரதம் லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அதே ரத்தத் திரவத்தில் ஆல்புமின் லிட்டருக்கு சுமார் 40 கிராம், எடையில் ஏறக்குறைய 280 கோடி மடங்கு! இத்தனைக்கும் நடுவில் அந்த ஒன்று மட்டும் ஒட்ட வேண்டும்.

ஆல்புமினைத் தள்ளிவைக்க பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் பூசுவார்கள். நல்ல வழிதான். ஆனால் தங்கத் துகள் தன் பரப்பிலிருந்து 10, 20 நானோமீட்டருக்குள் நடப்பதை மட்டுமே உணரும். ஆன்டிபாடியே சுமார் 10 நானோமீட்டர். போர்வை தடித்தால் உணர்வு மங்கும், மெலிந்தால் ஆல்புமின் நுழையும். என் நேரத்தில் பாதி இந்தத் தடிமனைச் சரிசெய்வதிலேயே போனது. இந்தத் துறையின் உண்மையான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபின். அதுவும் 540 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை விழுங்குவதால் தங்கத்தின் நிறம் அதற்குள் கரைந்துவிடும். ரத்த அணுக்களை வடிகட்டலாம். இல்லையென்றால் உருண்டைக்குப் பதில் குச்சி வடிவத் துகள்களை எடுக்கலாம். அவற்றின் உச்சத்தை 700, 800 நானோமீட்டருக்குத் தள்ள முடியும், அங்கே ஹீமோகுளோபினின் தொந்தரவு மிகக் குறைவு.

இனி 'புதிய நானோ உணரி' என்று செய்தி வந்தால், பஃபரில் அளந்தார்களா, நூறு மடங்கு நீர்த்த சீரத்திலா, நீர்க்காத முழு ரத்தத்திலா என்று முதலில் பாருங்கள்.