முதலில் ஒரு கதையை முடிக்கட்டும்

வணக்கம்.

உங்கள் இளையோர் நாவல்களை என் மாணவர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். 13 முதல் 17 வயது வரை உள்ள 12 பேருக்கு வாரம் ஒரு வகுப்பு, எட்டு வாரம், கதை எழுதச் சொல்லித்தரப் போகிறேன். எல்லாருக்கும் நாவல்தான் எழுத வேண்டுமாம். ஒரு மாணவி ஆறு மாதமாக முதல் அத்தியாயத்தை விட்டு நகரவில்லை. இன்னொரு பையனுக்கு, பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று ஒரு பதிப்பகம் எழுதியிருக்கிறது. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கே தொடங்குவது? பதிப்பு பற்றி இந்த வயதில் எவ்வளவு சொல்லலாம்?

ர.

அன்புள்ள ர.,

நாவலைத் தள்ளிவையுங்கள். ஆங்கிலப் பதிப்புலகில் இளையோர் நாவல் பெரும்பாலும் 50,000 முதல் 80,000 சொற்கள் இருக்கும். வாரம் 1000 சொல் எழுதினாலும் ஒரு வருஷம் போய்விடும். எட்டு வாரத்துக்கு 1500 சொல்லுக்குள் ஒரு சிறுகதை போதும். ஆனால் அது முடிந்திருக்க வேண்டும். ஒரு கதையை முடித்துப் பார்த்தவருக்குத்தான் அதன் தொடக்கம் எங்கே பிசகியது என்று தெரியும்.

அந்த மாணவியின் சிக்கலும் இதுதான். கையில் இருப்பது அந்த அத்தியாயம் மட்டும், ஆகவே அதையே தேய்க்கிறாள். ஒரு தனி நோட்டுப் போடச் சொல்லுங்கள். 'அக்கா முதல் காட்சியிலேயே வர வேண்டும்' என்று தோன்றினால் நோட்டில் ஒரு வரி. பிறகு அக்கா ஏற்கெனவே வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுத வேண்டும். கடைசி வரி வரும்வரை பழைய பக்கத்தைத் திறக்கக் கூடாது.

தொடக்கத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அலாரம் அடிக்கிறது, நாயகன் எழுகிறான், பல் துலக்குகிறான், கண்ணாடியில் முகம் பார்க்கிறான். இரண்டாம் பக்கத்தில், 'நேற்று உடைந்த ஜன்னலைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை' என்று ஒரு வரி வரும். அங்கே கோடு போடச் சொல்லுங்கள். கதை அங்கே தொடங்குகிறது. மேலே இருப்பது எழுதுகிறவர் சூடுபிடிக்க எழுதிக்கொண்டது. எழுதியது வீண் இல்லை, அச்சுக்குப் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது உரையாடல். பாடநூல் தமிழ் பழகிய கை, 'நீ என்னை ஏமாற்றியதால் நான் மிகுந்த மனவேதனை அடைந்துள்ளேன்' என்று எழுதும். பதினாறு வயதில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? 'அந்த சைக்கிள நீயே வச்சுக்கோ' என்றால் கோபமும் தெரிகிறது, நட்பு முறிந்ததும் தெரிகிறது. வாய்விட்டுப் படிக்க வைத்தால் பாதி வசனங்களை அவர்களே வெட்டிவிடுவார்கள்.

விமர்சனத்துக்கு 12 பேரையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். நான்கு பேர் வீதம் மூன்று குழு. ஒருவர் இரண்டு பக்கம் படிக்க நாலு நிமிஷம், மற்றவர்கள் பேசப் பத்து நிமிஷம். ஒரு மணி நேரத்துக்குள் நால்வர் முறையும் முடியும். எங்கே குழம்பியது, எங்கே அலுத்தது, எங்கே அடுத்த வரியைத் தேடியது: இவ்வளவுதான் சொல்லலாம். 'நல்லா இருக்கு' கூடாது. எழுதியவர் பதில் பேசவும் கூடாது. பேச விட்டால், பக்கத்தில் இல்லாததை வாயால் நிரப்பிவிடுவார். ஓட்டை அப்படியே கிடக்கும்.

பதிப்புக்குக் கடைசி ஒரு வகுப்பு போதும், ஆனால் கணக்கோடு சொல்லுங்கள். வழக்கமான பதிப்பில் செலவு பதிப்பாளருடையது. புத்தக விலை 300, ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு எழுதியவருக்குக் கிடைக்கும் பங்கு, அந்த விலையில் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பிரதிக்கு 30. முன்பணம் 15,000 வாங்கியிருந்தால், அது இந்த ராயல்டியில்தான் கழியும்; 500 பிரதி விற்ற பிறகுதான் அடுத்த காசு வரும். பதினெட்டு நிரம்பாதவர் ஒப்பந்தத்தில் பொதுவாகப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

ஐஎஸ்பிஎன் வாங்கினால்தான் பதிப்புரிமை கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண் மட்டுமே. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எதையும் பதிவு செய்யாமலே எழுதியவருக்கு உரிமை உண்டு. அதை இழப்பது பெரும்பாலும் கையெழுத்துப் போடும்போதுதான். போட்டி விதிகளில் 'அனைத்து உரிமைகளும் அமைப்பாளருக்கே' என்று இருந்தால் அனுப்ப வேண்டாம். 'வெளிவராத படைப்பு' என்று கேட்டால், இணையத்தில் ஏற்றிய கதை பல இடங்களில் வெளிவந்த கணக்கில் சேரும்.

அந்தப் பையன் விஷயம். பணம் கட்டிப் புத்தகம் போடுவது குற்றமில்லை. அதற்குப் பெயர் சுயபதிப்பு. அதை 'உங்கள் கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. பிழை திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு ஆகியவற்றுக்குத் தனித்தனியே எவ்வளவு, எத்தனை பிரதி, கோப்புகள் யார் கையில் இருக்கும், உரிமை எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொல்லி, இந்த வாரமே கட்டு என்று அவசரப்படுத்தினால் விலகிவிடலாம். அவன் சம்மதித்தால், பெயர்களை மறைத்து அந்தக் கடிதத்தையே கடைசி வகுப்பில் வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று மாணவர்கள் அம்புக்குறி போடட்டும்.