ஒரே ஆட்டத்தில் இரண்டு பந்தயம் சேர்த்தால் பெருக்கல் கணக்கு ஏன் பொருந்துவதில்லை?

கால்பந்தில் மான்செஸ்டர் சிட்டி அணி ஜெயித்தால் கட்டிய பணம் 2 மடங்காகத் திரும்பும், அதன் முன்கள வீரர் ஹாலண்ட் கோல் அடித்தால் 2.5 மடங்கு, சேர்த்துக் கட்டினால் 5 மடங்கு வராமல் 3.3 மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெருக்கல், ஒன்றையொன்று பாதிக்காத நிகழ்வுகளுக்குத்தான். நாணயத்தை இருமுறை சுண்டுவது அப்படி. இது அப்படியல்ல. ஹாலண்டின் கோலே சிட்டியை வெற்றிக்கு நகர்த்திவிடுகிறது!

உதாரணத்துக்கு, அவர் கோல் அடிக்க 40% வாய்ப்பு, அடித்தால் சிட்டி ஜெயிக்க 70% என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நடக்க 28%. அப்படியானால் நியாயமான விலை, அதாவது திரும்பும் மடங்கு, 100-ஐ 28-ஆல் வகுத்தால் சுமார் 3.57. அதில் பந்தயக் கம்பெனி தன் லாபத்தையும் எடுத்துக்கொண்டு 3.3 தருகிறது: 100 பவுண்டு கட்டினால் சராசரியாகத் திரும்புவது 92 பவுண்டுதான். இந்த வெட்டைத்தான் கவனிக்க வேண்டும் என்பேன்.

எதிர்த்திசையும் உண்டு. ‘ஆட்டத்தில் மொத்தம் 2.5 கோலுக்குக் கீழ்’ (அதாவது இரண்டு கோலுக்கு மேல் இல்லை), ‘ஹாலண்ட் ஹாட்ரிக்’ (அவரே மூன்று கோல்) இரண்டும் சேர்ந்து நடக்கவே முடியாது.