மூட்டை சுமந்தது வேலை இல்லையா?

வணக்கம் சேர்,

பரந்தன் பக்கம் ஒரு நெல் ஸ்டோரில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன் நான். மகள் 11ஆம் ஆண்டு படிக்கிறாள். போன கிழமை அவளுடைய விஞ்ஞானக் கொப்பியில் ஒரு கணக்கு: ஒருவர் 50 கிலோ மூட்டையைத் தோளில் வைத்துச் சமதரையில் 60 மீற்றர் நடக்கிறார், மூட்டையைத் தாங்கும் விசை செய்த வேலை எவ்வளவு? பூச்சியம் என்று எழுதியிருக்கிறாள், ரீச்சர் சரியும் போட்டிருக்கிறா. அப்ப எனக்கு எதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன், பிள்ளை பேசாமல் இருந்துவிட்டாள். உண்மையாகவே பூச்சியம்தானா?

அன்புள்ள தம்பிக்கு,

பூச்சியம்தான். பிள்ளை சரியாகச் செய்திருக்கிறாள், முதலில் அதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பௌதிகவியலில் வேலை என்பது விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கி வருவது. உங்கள் தோள் மூட்டையை மேல்நோக்கித் தாங்குகிறது, ஏறக்குறைய 500 நியூற்றன் (விசையை அளக்கும் அலகு, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 10). மூட்டை போவதோ கிடையாக, மேல்நோக்கி ஒரு அங்குலமும் ஏறவில்லை, அதனால் அந்த 500 நியூற்றனுக்கு வேலைக் கணக்கில் ஒன்றும் விழாது. கட்டையில் கட்டிய மாடு கயிறு இறுகச் சுற்றிச் சுற்றி வரும்போதும் இதே கதைதான்: கயிறு இழுப்பது கட்டையை நோக்கி, மாடு போவது அதற்குக் குறுக்கே, கயிறு செய்யும் வேலை பூச்சியம். ஆனால் நிலத்தில் கிடந்த மூட்டையைத் தோளுக்குத் தூக்கினீர்களே, 1.4 மீற்றர் என்று வைத்தால், 500ஐ 1.4ஆல் பெருக்க 700 யூல், வேலையை அளக்கும் அலகு அது.

அப்புறம் ஏன் களைக்கிறது? மூட்டையை ஒரு மேசையில் வைத்தால் மேசையும் அதே 500 நியூற்றனால்தான் தாங்கும், அதற்கு வியர்க்காது. தசை அப்படியில்லை. தசைநார்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத கொளுக்கிகள் போன்றவை பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டே இருக்கின்றன, நீங்கள் அசையாமல் நின்றாலும்கூட. ஒவ்வொரு பிடிக்கும் சாப்பாட்டிலிருந்து வந்த சக்தி செலவாகிறது, பெரும்பகுதி வெப்பமாகிப் போகிறது. உங்கள் சேட்டு நனைவது அதனால்தான். பிரான்சில் கொரியோலிசு என்ற விஞ்ஞானி 1829இல் வேலை என்ற சொல்லை இந்தக் கணக்குக்குக் கொண்டுவந்தது இயந்திரங்கள் தரும் பயனை அளக்க. எவ்வளவு பாரத்தை எவ்வளவு உயரம் தூக்கியது என்பதுதான் அதன் அளவு. மனிதனின் உழைப்பை அளக்கச் செய்த கோல் இல்லை அது, அதைக்கொண்டு உங்கள் சம்பளத்தை யாரும் அளக்கவும் கூடாது.

இந்தப் பாடத்தை நான் மறக்கமுடியாத ஒரு நாள் உண்டு. போருக்குப் பிறகு மீள்குடியேறி வந்த 2010இல், தகரக் கொட்டகை வகுப்பில், கரும்பலகையில் 'இடப்பெயர்ச்சி' என்று எழுதினேன், பௌதிகவியலில் அது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் நேராக எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எதை ஞாபகப்படுத்தும் என்று எனக்கு அந்த நேரம் யோசனை வரவில்லை. பின்வாங்கில் இருந்த ஒரு பையன் எழும்பி, "சேர், நாங்கள் சைக்கிளில் சாமானைக் கட்டி உருட்டிக்கொண்டு போனோம், இப்ப அதே வளவுக்கே திரும்பி வந்திட்டோம், இடப்பெயர்ச்சி பூச்சியமா?" என்று கேட்டான். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. ஓம் என்றேன், தொடக்கமும் முடிவும் ஒரே இடம் என்றால் பூச்சியம்தான், புவியீர்ப்பு செய்த வேலையும் பூச்சியம், ஏற்றத்தில் கழிந்தது இறக்கத்தில் திரும்பிவிடும். ஆனால் உராய்வு அப்படித் திருப்பித் தராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். போகும்போதும் எதிர்த்தது, வரும்போதும் எதிர்த்தது, அதன் கணக்கில் உருட்டிய ஒவ்வொரு மீற்றரும் இருக்கிறது. அவன் உட்கார்ந்து அதைக் கொப்பியில் எழுதினான். எந்த விசை செய்த வேலை என்று கேட்காமல் 'வேலை எவ்வளவு' என்று மட்டும் கேள்வி எழுதுவதை அன்றோடு விட்டேன்.

மகளுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள் தம்பி. லொறியில் ஏறப் பலகை சாய்த்து வைப்பீர்கள் அல்லவா, லொறித் தட்டின் உயரத்தை நாடாவால் அளந்து சொல்லுங்கள். 1 மீற்றர் என்றால் மூட்டை ஒன்றுக்கு 500 யூல். நீங்கள் 60 கிலோ என்றால் உங்கள் உடம்பைத் தூக்கியதற்கு இன்னொரு 600, அதுவும் ஒவ்வொரு மூட்டைக்கும். ஒரு நாளில் எத்தனை மூட்டை என்பதை நீங்கள் சொல்ல, மிச்சத்தை அவள் பெருக்கட்டும்.